கையெழுத்துக்குப் பின் யார் பொறுப்பு?

வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றிய காலத்தில், வட மாநிலமொன்றின் நடுத்தர நகரத்துக்கு ஒருமுறை செல்ல நேர்ந்தது. அந்நகரின் தெருவிளக்குகளையும் குடிநீர் மோட்டார்களையும் மாற்றியமைத்து, அதனால் மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து தன் முதலீட்டைத் திரும்பப் பெறுவதாக, சிறு நிறுவனம் ஒன்று நகராட்சியுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த நிறுவனத்துக்கு நாங்கள் கடன் வழங்கியிருந்தோம். முதல் இரண்டு ஆண்டுகள் தவணைகள் ஒழுங்காக வந்தன. மூன்றாம் ஆண்டில் நின்றுபோயின. நகராட்சி பணம் தரவில்லை என்றது நிறுவனம். ஏன் தரவில்லை என்று கேட்கத்தான் நான் போனேன்.

பொறியாளர் மரியாதையுடன் வரவேற்றார். ஒப்பந்தம் கையெழுத்தானபின் அந்த இருக்கைக்கு வந்த நான்காவது அதிகாரி அவர். கோப்பை எடுத்துவரச் சொல்லி, அதில் ஒரு பட்டியலைக் காட்டினார். பழைய விளக்குகளின் எண்ணிக்கையும், அவை ஒவ்வொன்றும் இரவு முழுவதும் எரிந்ததாகக் கொண்டு கணக்கிட்ட மின்செலவும் அதில் இருந்தன. “இவற்றில் பெரும்பகுதி அப்போதே எரியாமல் கிடந்தவை என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். எரியாத விளக்கை மாற்றினால் எதைச் சேமித்ததாகக் கணக்கு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பட்டியலில் நகராட்சியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. இரு தரப்பும் சேர்ந்து தெருத்தெருவாகப் பார்த்து எழுதிய பதிவு ஏதும் இல்லை. விளக்குகளுக்கான பெட்டிகள் பலவற்றில் மீட்டரே இல்லை. கையெழுத்திட்டவரோ வேறொரு மாவட்டத்தில் வேறொரு பணியில் இருந்தார்.

யாரும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், கடன் மறுசீரமைப்புக்குச் சென்றது. நிறுவனம் பராமரிப்பை நிறுத்தியது. புதிய விளக்குகளும் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. அன்று மாலை அந்நகரின் கடைத்தெருவில் நடந்தபோது எழுந்த எண்ணத்தையே இக்கட்டுரையில் வாசகர்கள் முன் வைக்கிறேன். இத்தகைய ஒப்பந்தங்களை அரசு தரப்பில் தொடக்கம் முதல் இறுதிவரை கவனிக்க, அதற்கென்றே அமைந்த நிரந்தரக் குழு வேண்டும். அது இல்லாதவரை, எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் எவ்வளவு மலிவான கடனும் முழுப்பயன் தரமாட்டா.

ஒப்பந்தத்தின் இயல்பு

எரிசக்திச் செயல்திறன் ஒப்பந்தம் என்பதன் அடிப்படை எளியது. கட்டடத்தின் உரிமையாளர் கையிலிருந்து முதலீடு செய்யவேண்டியதில்லை. எரிசக்திச் சேவை நிறுவனம், அதாவது ‘எஸ்கோ’, தன் பணத்தையோ வங்கிக் கடனையோ கொண்டு விளக்குகள், குளிரூட்டிகள், மோட்டார்கள் ஆகியவற்றை மாற்றித் தருகிறது. குறையும் மின்கட்டணத்தில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பெற்றுக்கொள்கிறது. சில ஒப்பந்தங்களில் சேமிப்பை இருவரும் பகிர்ந்துகொள்வர். வேறு சிலவற்றில் நிறுவனம் இவ்வளவு சேமிப்பு கிடைக்கும் என உறுதியளித்து, குறைந்தால் ஈடுசெய்யும்.

சிக்கல், ‘சேமிப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. செலவான யூனிட்டை மீட்டர் காட்டும். செலவாகாத யூனிட்டைக் காட்டும் மீட்டர் எதுவும் இல்லை. மாற்றத்துக்கு முந்தைய செலவை ‘அடிப்படை அளவு’ என நிர்ணயித்து, பிந்தைய செலவை அதனுடன் ஒப்பிட்டே சேமிப்பைக் கணக்கிட முடியும். உலகெங்கும் பின்பற்றப்படும் சர்வதேசச் செயல்திறன் அளவீட்டு மற்றும் சரிபார்ப்பு நெறிமுறையும் இந்த ஒப்பீட்டையே அடித்தளமாகக் கொண்டுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். அரசு மருத்துவமனை ஒன்றின் ஆண்டு மின்கட்டணம் ₹2 கோடி. ஒரு நிறுவனம் ₹1.5 கோடி முதலிட்டு, ஆண்டுக்கு ₹50 லட்சம் மிச்சப்படுத்துகிறது. அதில் ₹40 லட்சம் நிறுவனத்துக்கு, ₹10 லட்சம் மருத்துவமனைக்கு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் முழுச் சேமிப்பும் மருத்துவமனைக்கே. இரண்டாம் ஆண்டில் புதிய பிரிவு ஒன்று திறக்கப்படுகிறது. அதன் மின்செலவு ₹60 லட்சம். இப்போது மொத்தக் கட்டணம் ₹2.1 கோடி. “கட்டணம் கூடியிருக்கிறதே, நான் ஏன் ₹40 லட்சம் தரவேண்டும்?” என்கிறார் கணக்கு அலுவலர். “நான் மாற்றியிராவிட்டால் ₹2.6 கோடி ஆகியிருக்குமே!” என்கிறது நிறுவனம். நிறுவனத்தின் கூற்று சரி. ஆனால் அதைச் சரிபார்த்து, அடிப்படை அளவைத் திருத்தி, ‘வழங்கலாம்’ என்று கோப்பில் எழுதும் துணிவும் அறிவும் உள்ள ஒருவர் அந்த அலுவலகத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் கோப்பு மேசையிலேயே தங்கிவிடும். தணிக்கைக் குறிப்புக்கு அஞ்சும் அலுவலருக்குப் பணம் தராமல் இருப்பதே பாதுகாப்பான வழி.

மின்கட்டண விகிதம் உயரும், வேலை நேரம் மாறும், கருவிகள் பழுதாகும், கட்டடம் விரியும். ஏழு ஆண்டுகள், பத்து ஆண்டுகள் நீளும் ஒப்பந்தத்தில் இவையெல்லாம் நடந்தே தீரும். கையெழுத்திட்டவர்களோ இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறுதலாகிப் போகிறார்கள்.

நம் நாட்டின் அனுபவம்

இத்துறையில் இந்தியா பின்தங்கிய நாடன்று. 2001ஆம் ஆண்டிலேயே எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002 மார்ச்சில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. எரிசக்தி மேலாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் அப்பணியகத்தின் சார்பில் தேசிய அளவில் சான்றிதழ்த் தேர்வு நடத்தப்படுகிறது. சட்டத்தைச் செயல்படுத்த மாநிலந்தோறும் நியமன முகமைகள் உள்ளன.

மகாராஷ்டிரத்தின் அகோலா மாநகராட்சி, 2000களின் பிற்பகுதியிலேயே செயல்திறன் ஒப்பந்தத்தின்கீழ் 11,500க்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை மாற்றியது. முழு முதலீட்டையும் நிறுவனமே செய்தது. ஒப்பந்தக் காலம் ஆறு ஆண்டுகள். சரிபார்க்கப்பட்ட சேமிப்பில் 95 சதவீதம் நிறுவனத்துக்குச் சென்றது. தெருவிளக்கு மின்செலவு பாதிக்கும் மேல் குறைந்தது. ‘சரிபார்க்கப்பட்ட’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்கவேண்டும். முறையாகச் செய்தால் நம் நகரங்களிலும் இது நடக்கும் என்பதற்கு அகோலா ஒரு சான்று.

பொதுத்துறை மின் நிறுவனங்கள் நான்கு சேர்ந்து 2009இல் ‘எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ்’ நிறுவனத்தை உருவாக்கின. அரசே நடத்தும் பெரிய எஸ்கோ இது. 2015 ஜனவரி 5 அன்று இரண்டு தேசியத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒன்று, வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு வழங்கும் ‘உஜாலா’. மற்றொன்று, தெருவிளக்குத் தேசியத் திட்டம். உஜாலாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதலால் ஒரு பல்பின் கொள்முதல் விலை ₹310இலிருந்து ₹40க்கும் கீழே இறங்கியது. தெருவிளக்குத் திட்டத்தில் 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் பொருத்தப்பட்டன. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயலால் சீர்குலைந்த விசாகப்பட்டினத்தில் 90,000க்கும் மேற்பட்ட விளக்குகள் குறுகிய காலத்தில் எல்.இ.டி.க்கு மாற்றப்பட்டமை இத்திட்டத்தின் முன்னோடிப் பணி.

இரண்டும் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் வழியே தொடங்கியவை. ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. பல்பு ஒன்றை விற்றவுடன் அந்த வரவு செலவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தெருவிளக்கு அப்படியன்று. நிறுவனம் முதலிட்டு, பராமரித்து, சுமார் ஏழு ஆண்டுகளில் உள்ளாட்சியிடமிருந்து தவணைகளாகத் திரும்பப் பெறவேண்டும். பல உள்ளாட்சிகளிடமிருந்து வரவேண்டிய தொகை நிலுவையில் தேங்கி, அந்நிறுவனத்தின் நிதிநிலைக்கே பெருஞ்சுமையானது அனைவரும் அறிந்ததே. மறுபுறம், பழுதான விளக்குகள் உரிய நேரத்தில் மாற்றப்படவில்லை என்று உள்ளாட்சிகளும் குறைகூறின. ஒரே கொள்முதலில் முடியும் வேலையை நம்மால் உலகம் வியக்கச் செய்ய முடிகிறது; ஆண்டுக்கணக்கில் தொடரும் உறவைப் பேணுவதில்தான் தடுமாறுகிறோம்.

குறை எங்கே?

பொறியாளர்களைக் குறைகூறுவது எளிது; ஆனால் அது முறையாகாது. நகராட்சிப் பொறியாளர் ஒருவரின் மேசையில் சாலை, குடிநீர், கழிவுநீர், கட்டட அனுமதி என அனைத்தும் குவிந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே, தம் பணிவாழ்வில் ஒருமுறை மட்டுமே சந்திக்கக்கூடிய ஓர் ஒப்பந்தத்தை அவர் எப்படிக் கற்றுத் தேர்வார்? எதிரே அமர்ந்திருக்கும் நிறுவனத்துக்கோ அதுவே அன்றாடத் தொழில். இருபது ஒப்பந்தம் கண்டவரும் முதல் ஒப்பந்தம் காண்பவரும் பேசும் பேச்சில் சமநிலை இருக்காது.

அரசின் நிதி நடைமுறையும் இதற்கு இசைவாக இல்லை. மின்கட்டணம் ஒரு கணக்குத் தலைப்பில் ஒதுக்கப்படுகிறது. அதில் மிச்சமானால் மறு ஆண்டு ஒதுக்கீடு குறைகிறது. எஸ்கோவுக்குத் தரவேண்டிய தொகையை வேறொரு தலைப்பில் தேடவேண்டியிருக்கிறது. சேமித்த துறைக்கே சேமிப்பு தண்டனையாகும் விந்தை இது. இதைத் தீர்க்க நிதித்துறையுடன் பேசி ஆணை பெறவேண்டும். தனியொரு மருத்துவமனைக் கண்காணிப்பாளரால் ஆகும் காரியமா அது?

பிறநாடுகள் காட்டும் வழி

அமெரிக்கக் கூட்டரசின் கட்டடங்களுக்கு இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டுகள் வரை செல்லலாம். சேமிப்பை ஆண்டுதோறும் சரிபார்ப்பது அங்கே சட்டக் கடமை. எரிசக்தித் துறையின்கீழ் இயங்கும் கூட்டரசு எரிசக்தி மேலாண்மைத் திட்டம், பிற துறைகளுக்கு மாதிரி ஒப்பந்தங்களையும் பயிற்சியையும் வழிகாட்டும் வல்லுநர்களையும் தருகிறது. இராணுவப் பொறியாளர் படை, ஹன்ட்ஸ்வில் நகரில் இதற்கெனவே தனிப்பிரிவு ஒன்றை நடத்துகிறது. மின்கட்டணத்துக்கான ஒதுக்கீட்டிலிருந்தே நிறுவனத்துக்குப் பணம் வழங்க வழியுண்டு.

ஜெர்மனியின் பெர்லின் நகரம் 1990களின் நடுவிலேயே வேறொரு வழியைக் கண்டது. பள்ளிகள், அலுவலகங்கள், நீச்சல் குளங்கள் போன்ற பொதுக் கட்டடங்களைத் தனித்தனியே ஏலமிடாமல் தொகுப்புகளாக்கியது. தனிக் கட்டடமாக இருந்தால் எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்காத சிறு பள்ளிக்கூடமும் தொகுப்பில் இடம்பெற்றது. இப்பணிகளில் நகரத்துக்குத் துணைநின்றது, 1992இல் தொடங்கப்பட்ட பெர்லின் எரிசக்தி முகமை. அடிப்படை அளவைக் கணித்தல், ஒப்பந்தம் வரைதல், ஏலம் நடத்துதல் ஆகியவற்றில் அதே முகமை மீண்டும் மீண்டும் ஈடுபட்டதால், ஒரு தொகுப்பில் கற்ற பாடம் அடுத்ததற்கு உதவியது.

இந்நாடுகளின் செல்வமோ தொழில்நுட்பமோ நமக்குப் பாடம் அன்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, அதன் நினைவைக் காத்துவைக்கும் ஓரிடம் அரசுக்குள் இருந்தது என்பதே பாடம்.

எத்தகைய குழு வேண்டும்?

ஒவ்வொரு மாநிலத்திலும் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு போதும். சான்றிதழ் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர் இருவர், நிதி அறிந்தவர் ஒருவர், ஒப்பந்தச் சட்டம் அறிந்தவர் ஒருவர், மீட்டர் தரவுகளைப் பேணுபவர் ஒருவர். மாநில நியமன முகமைக்குள்ளேயே இதை அமைக்கலாம். புதுக் கட்டடம், புதுப் பதாகை எதுவும் தேவையில்லை. இக்குழுவுக்கு ஐந்து பணிகளைச் சொல்வேன்.

முதலாவது, ஏலத்துக்கு முன் அடிப்படை அளவை இரு தரப்பும் நேரில் பார்த்துப் பதிவுசெய்வது. எத்தனை விளக்கு எரிந்தது, எத்தனை எரியவில்லை, மோட்டார் எத்தனை மணிநேரம் ஓடியது என்பவை அன்றே எழுதப்படவேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில் முதலில் மீட்டர் வைக்கவேண்டும்.

இரண்டாவது, சிறு அலுவலகங்களையும் பள்ளிகளையும் தொகுப்பாக்குவது.

மூன்றாவது, ஆண்டுதோறும் சேமிப்பைச் சரிபார்த்து, குறிப்பிட்ட நாள்களுக்குள் சான்று வழங்குவது. அச்சான்று கிடைத்தால் கணக்கு அலுவலர் அச்சமின்றிப் பணம் வழங்கலாம்.

நான்காவது, வழக்குமன்றம் செல்லுமுன் பிணக்குகளைக் கேட்டுத் தீர்ப்பது.

ஐந்தாவது, ஒவ்வொரு ஒப்பந்தத்தின் சேமிப்பு, வழங்கிய தொகை, நிலுவை ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுவது.

குழுவினர் குறைந்தது ஐந்தாண்டுகளேனும் அப்பணியில் நீடிக்கவேண்டும். ஒருவர் மாறினால், வருபவருக்கு எழுத்துமூலம் பொறுப்பை ஒப்படைத்தபின்னரே செல்லவேண்டும். வங்கியில் பெட்டகச் சாவியை மாற்றிக்கொள்ளும்போது இருவரும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுவதில்லையா? அதே ஒழுங்குதான் இங்கும்.

எழக்கூடிய மறுப்புகள்

“இன்னுமொரு அரசு அலுவலகமா?” என்ற கேள்வி இயல்பே. கணக்கிட்டுப் பார்ப்போம். அத்தகைய குழுவுக்குச் சம்பளம், பயணம், கருவிகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ₹1 கோடி ஆகிறது என வைத்துக்கொள்வோம். முன்னர்ச் சொன்ன மருத்துவமனை போன்ற 50 ஒப்பந்தங்களை அது கவனித்தால், ஆண்டுச் சேமிப்பு ₹25 கோடி. குழுவின் செலவு அதில் 4 சதவீதம். அக்குழு இன்றி, ஐம்பதில் ஐந்து ஒப்பந்தங்கள் முறிந்தாலே ₹2.5 கோடி சேமிப்பு போய்விடும். சேமிப்பிலிருந்தே சிறு பங்கை எடுத்துக் குழுவை நடத்த முடியும்.

“ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொள்ளலாமே” என்பது இரண்டாவது மறுப்பு. ஆலோசகர்கள் தேவையே, தொடக்கத்தில் மிகத் தேவை. ஆனால் பெரும்பாலான ஆலோசகர்களின் ஊதியம் ஒப்பந்தம் கையெழுத்தாவதோடு முடிகிறது. உண்மையான வேலை அன்றுதான் தொடங்குகிறது. அவர்கள் போகும்போது அனுபவமும் அவர்களோடு போய்விடுகிறது.

“அரசே நடத்தும் எஸ்கோ இருக்கும்போது தனிக்குழு எதற்கு?” என்பது மூன்றாவது. பணியைச் செய்பவரும் பணியை அளப்பவரும் ஒருவராக இருத்தல் தகாது. அரசு நிறுவனமே ஆனாலும், வாங்குபவர் தரப்பில் கணக்குப் பார்க்கும் கண் வேண்டும். அது நிறுவனத்துக்கும் நன்மையே. அளந்து ஒப்புக்கொண்ட கடனை மறுப்பது எளிதன்று.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். குழு அமைந்தாலும் கருவூலத்தில் பணமில்லாத உள்ளாட்சி பணம் தராது. அதற்கு வங்கிகளின் துணையுடன் வேறொரு பாதுகாப்பு வேண்டும். உள்ளாட்சியின் வருவாயில் ஒரு பகுதி முதலில் எஸ்க்ரோ கணக்கில் சேர்ந்து, சான்று வந்ததும் நிறுவனத்துக்குச் செல்லும் ஏற்பாடு அது. அங்கும், சான்று வழங்க ஒருவர் இருந்தால்தான் கணக்கிலிருந்து பணம் நகரும்.

வாடிக்கையாளருக்கு இதில் என்ன?

வங்கி கடனாகத் தரும் பணம் உங்கள் வைப்புத்தொகை. எஸ்கோக்கள் பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். அடமானம் வைக்க அவற்றிடம் நிலமோ கட்டடமோ அதிகம் இருப்பதில்லை. எதிர்காலச் சேமிப்பே அவற்றின் பிணை. சேமிப்பு உண்மையென்று நம்பகமான ஒருவர் சான்றளிக்காதவரை, வங்கி அக்கடனை ஐயத்துடனேயே பார்க்கும். தந்தாலும் வட்டி கூடுதலாக இருக்கும். இதை உணர்ந்தே சிட்பி வழியாக இழப்பில் ஒரு பகுதியை ஏற்கும் திட்டமொன்றை உலக வங்கியின் துணையுடன் அரசு கொண்டுவந்தது. உத்தரவாதம், கடன் தவறியபின் இழப்பைக் குறைக்கும். நல்ல குழுவோ கடன் தவறாமலே காக்கும்.

நீங்கள் செலுத்தும் சொத்துவரியிலிருந்துதான் தெருவிளக்கின் மின்கட்டணம் போகிறது. உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விளக்கு ஒப்பந்தத்தின் அடிப்படை அளவு என்ன? சென்ற ஆண்டு எவ்வளவு சேமிக்கப்பட்டது? அதைச் சரிபார்த்தவர் யார்? தொழிற்கூடமோ அடுக்குமாடிக் குடியிருப்போ நடத்துபவர்கள், தாங்கள் இத்தகைய ஒப்பந்தம் செய்ய நேர்ந்தால், இதே மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வடநாட்டு நகரிலிருந்து நான் திரும்பும் நாளில், பொறியாளர் இரயில் நிலையம் வரை உடன்வந்தார். தமக்கும் மாறுதல் ஆணை வந்துவிட்டதாகச் சொன்னார். கோப்பை யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்து வருபவர் யாரென்று தெரியாததால், அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எழுத்தரிடம் கொடுத்திருப்பதாகக் கூறினார். அந்த அலமாரியில் வங்கிக் கடன் ஒன்று, சிறு நிறுவனம் ஒன்று, ஒரு நகரத்தின் வெளிச்சம் ஆகிய மூன்றும் பூட்டிக் கிடந்தன. அதைத் திறந்து படித்து, கணக்குப் பார்த்து, பதில் சொல்வதையே தம் கடமையாகக் கொண்ட ஐந்து பேரை அமர்த்துவது நம் மாநில அரசுகளுக்கு இயலாத காரியமன்று.